மூலிகைக்கு மாற்றுரைத்த வரலாறு

விருத்தாசலத்தைத் தமிழ் மக்கள் பலவாறு அறிவர். பழமலைநாதர் கோயில் கொண்டுள்ள திருமுதுகுன்றம் என்று அடியார் அறிவர். முந்திரியும் மணிலாக் கடலையும் விளையும் செம்மண் நாடு என்று உழவர் அறிவர். இருப்புப் பாதைகள் வந்து கூடும் சந்திப்பு என்று பயணிகள் அறிவர். பீங்கானூர் என்று அறிந்தவர்களும் உண்டு. வீட்டு மின்பலகையில் ஃபியூஸ் கம்பியைத் தாங்கி நிற்கும் வெள்ளைக் கட்டை, பாட்டி ஊறுகாய் போட்டு வைத்திருக்கும் ஜாடி, நவராத்திரிக் கொலுவில் அமரும் சிறு பொம்மை ஆகிய இவற்றுள் ஏதேனும் ஒன்று அந்த ஊர்ச் சூளையிலிருந்து உங்கள் வீட்டிற்கு வந்திருக்கக் கூடும்.

ஈரலைக் காக்கும் மூலிகைகளைப் பற்றிப் பேச வந்தவன் பீங்கானைப் பற்றிப் பேசுகிறானே என்று மாணவர்கள் எண்ணலாம். தொடர்பு இருக்கிறது. பீங்கான் செய்வதற்கு வெண்களி வேண்டும்; படிகக்கல் வேண்டும்; பெல்ஸ்பார் என்னும் கல்லும் வேண்டும். இவற்றை மாவாக அரைத்து, நீரில் கரைத்து, வடித்து, அச்சில் வார்க்கின்றனர். ஈரமாக இருக்கும் வரையில் அந்தக் குழம்பால் யாருக்கும் தீங்கில்லை. கல்லை உலர்ந்த நிலையில் இடிக்கும் போதும், காய்ந்த பொருளின் ஓரத்தைச் சுரண்டிச் சீர் செய்யும் போதும், மாலையில் தரையைப் பெருக்கும் போதும் எழுகின்ற தூசிதான் கொடியது. அதிலுள்ள சிலிகாத் துகள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியது. அது நுரையீரலின் அடி ஆழம் வரை சென்று தங்கி, அங்கே தழும்பை உண்டாக்குகிறது. இந்நோய்க்குச் சிலிகோசிஸ் என்று பெயர். தழும்பேறிய நுரையீரலைக் காசநோய் பற்றுவது எளிது. மற்றவர்களைக் காட்டிலும் இத்தகையோருக்குக் காசம் வரும் வாய்ப்புப் பன்மடங்கு அதிகம் என்பது உலகெங்கும் கண்ட உண்மை. இது விருத்தாசலத்திற்கு மட்டும் உரியதன்று. கல்லுடைக்கும் ஊர், கண்ணாடி செய்யும் ஊர், சுரங்கம் தோண்டும் ஊர் யாவற்றிற்கும் உரியது.

காசம் கண்டவர் மருந்துண்ண வேண்டும். அந்த மருந்து நுரையீரலைக் காக்கும் போதே சிலருக்கு ஈரலைப் புண்படுத்துகிறது. ஈரல் புண்பட்டால் கண் மஞ்சளாகிறது. கண் மஞ்சளானால் நம் நாட்டு வீட்டில் முதலில் தேடுவது கொல்லையிலுள்ள கீழாநெல்லியை. நான் சொல்ல வந்த கதை இந்த இடத்தில் தொடங்குகிறது.

முதலில் மருந்தின் வரலாற்றைப் பார்ப்போம். ஐசோனியாசிட் என்னும் பொருளை 1912-இல் பிராகு நகரில் மையர், மாலி என்னும் இருவர் வேதியியல் ஆராய்ச்சிக்காக உண்டாக்கினர். அது எதற்குப் பயன்படும் என்பதை அவர்கள் அறியவில்லை. நாற்பது ஆண்டுகள் அது ஏட்டளவில் கிடந்தது. 1952-இல்தான் அது காசநோய்க் கிருமியைக் கொல்லும் அருமருந்து என்பது வெளிப்பட்டது. மலிவான மருந்து, வாயால் உட்கொள்ளக் கூடிய மருந்து. உலகின் ஏழை நாடுகளுக்கு இதனினும் நல்ல செய்தி வேறு என்ன இருக்க முடியும்?

அந்தச் செய்தியைச் சோதித்துப் பார்த்த இடம் நம் சென்னை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் கூடி 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. வாலஸ் பாக்ஸ் என்ற மருத்துவர் அதன் தொடக்கப் பணிகளை நடத்தினார். அக்காலத்தில் காசநோயாளி என்றால் மலைக்காற்று, முட்டை, பால், மாதக் கணக்கான படுக்கை என்பதே வழக்கம். சேனடோரியத்தில் இடம் கிடைக்காதவன் கதி அதோகதி. சென்னை மையத்தார் நோயாளிகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் சேனடோரியத்தில் மருந்துண்டனர். மறு பிரிவினர் நெருக்கமான தம் குடிசைகளிலேயே, போதாத உணவோடு, வேலைக்கும் போய்க்கொண்டு மருந்துண்டனர். 1959-இல் வெளிவந்த முடிவு உலகை வியக்க வைத்தது. வீட்டிலிருந்தோர் குணமடைந்த அளவு சேனடோரியத்தில் இருந்தோரின் அளவை ஏறக்குறைய ஒத்திருந்தது. அன்று தொடங்கிய மையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரோடு சேத்துப்பட்டில் நிற்கிறது.

இந்த வெற்றியில் ஒரு பொறுப்பும் கூடவே வந்தது. மருந்து மருத்துவமனையை விட்டு வீட்டிற்குள் வந்தபோது, அதன் தீங்கைக் கவனிக்கும் வேலையும் வீட்டிற்கே வந்து சேர்ந்தது. சோறு பிடிக்கவில்லை என்று கணவன் சொன்னால், அது நோயின் சோர்வா, மருந்தின் வினையா என்று முதலில் ஐயுற வேண்டியவள் அவன் மனைவியே. செவிலி அருகில் இல்லை.

ஐசோனியாசிட் ஈரலைக் கெடுக்கக் கூடும் என்பதைத் தொடக்கத்தில் மருத்துவ உலகம் பெரிதாக எண்ணவில்லை. எண்ண வைத்தது அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில் நடந்த ஒரு நிகழ்ச்சி. அங்கே காபிடல் குன்றின் அரசு அலுவலகங்களில் பணிபுரிந்தோரிடையே காசம் காணப்பட்டதால், 1970-ஆம் ஆண்டில் 2,321 பேருக்குத் தடுப்பு மருந்தாக ஐசோனியாசிட் கொடுத்தனர். அவர்களுள் 19 பேருக்கு ஈரல் அழற்சி கண்டது, இருவர் இறந்தனர். நோயே இல்லாதவர்கள் மருந்தால் இறந்தார்கள் என்பது எளிதில் மறக்கக் கூடியதா? பின்னர் ரிஃபாம்பிசினும் பைரசினமைடும் ஐசோனியாசிடோடு சேர்ந்தன. ஒன்றரை ஆண்டுச் சிகிச்சை ஆறு மாதமாகக் குறைந்தது. ஈரலின் சுமை கூடிற்று. சென்னை மையத்தார் தம் நோயாளிகளைக் கணக்கெடுத்து 1986-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நுரையீரல் காசத்திற்கு இம்மருந்துகளை உண்டவர்களுள் 2 முதல் 8 விழுக்காட்டினருக்கு ஈரல் அழற்சி கண்டது. மூளையுறைக் காசம் கண்ட குழந்தைகளில் இது 16 முதல் 39 விழுக்காடு வரை சென்றது. பிற்காலத்தில் இந்திய மருத்துவமனைகள் பல சேர்ந்து, மருந்தால் ஈரல் கெட்ட 1,288 பேரை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்ட அறிக்கையிலும் காசநோய் மருந்துகளே முதலிடம் பெற்றன. ஏறக்குறையப் பாதிப் பேரின் துன்பத்திற்கு அவையே காரணம்.

ஈரல் ஏன் இப்படிப் பலியாகிறது? நாம் உண்பது எதுவாயினும் குடலிலிருந்து குருதியோடு கலந்து முதலில் செல்லும் இடம் ஈரல். ஒன்றரைக் கிலோ எடையுள்ள இந்த உறுப்பைச் சுங்கச்சாவடி என்றே சொல்லலாம். வரும் சரக்கையெல்லாம் பிரித்துப் பார்த்து, வேண்டாததை நீரில் கரையும் வடிவாக்கி வெளியேற்றுகிறது. அவ்வாறு மாற்றும் போது இடையில் தோன்றும் சில பொருள்கள் மூல மருந்தைவிட நச்சுத்தன்மை மிக்கவை. ஐசோனியாசிடிலிருந்து ஹைட்ரசின் என்னும் நஞ்சு தோன்றுவது இவ்வாறே. இந்த மருந்தைச் சிலர் உடல் விரைவாக மாற்றுகிறது. சிலர் உடல் மெல்ல மாற்றுகிறது. இது பிறப்பில் அமைவது. தென்னிந்திய நோயாளிகளிடம் இந்த வேறுபாட்டைச் சென்னை மையத்தாரே 1961-இல் அளந்து எழுதினர். ஒரே வீட்டில் ஒரே மாத்திரையை உண்ணும் அண்ணனுக்கு ஒன்றும் நேராமல் தம்பிக்கு மட்டும் கண் மஞ்சளாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனிக் கொல்லைப்புறத்திற்கு வருவோம். கீழாநெல்லியைத் தெரியாத தமிழ்ச் சிற்றூர் இல்லை. இலைக் காம்பின் கீழே வரிசையாகக் காய் தொங்குவதால் அப்பெயர். செடியை வேரோடு அரைத்து, மோரில் கலக்கி, வெறும் வயிற்றில் கொடுத்து, உப்பில்லாப் பத்தியம் வைப்பது காமாலைக்கு வழிவழி வந்த முறை. கொச்சியில் டச்சுக்காரரின் ஆளுநராக இருந்த வான் ரீடு என்பவர் மலையாள நாட்டு வைத்தியர்களின் துணையோடு தொகுத்து, 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு பெருந்தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட 'ஹார்ட்டஸ் மலபாரிக்கஸ்' நூலில் 'கிர்கனெலி' என்ற பெயரோடு இந்தச் செடி இடம் பெற்றிருக்கிறது. நம் கொல்லைச் செடியின் பெயரை ஐரோப்பிய அறிஞர் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே வாய் குழறிப் படித்திருக்கிறார்கள்.

இத்தனை காலம் வழங்கி வந்த மருந்து பொய்யாகுமா என்று கேட்பவர் உண்டு. இத்தனை காலம் வழங்கி வந்தது என்பதாலேயே மெய்யாகிவிடுமா என்று கேட்பவரும் உண்டு. இரு சாராரும் ஒன்றை மறந்து பேசுகின்றனர். காமாலை என்பது ஒரு நோயன்று. பல நோய்களுக்குப் பொதுவான ஓர் அடையாளம். அசுத்த நீரால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். கீழாநெல்லி உண்டவனுக்கும் தணியும், உண்ணாதவனுக்கும் தணியும். பித்தப்பாதையைக் கல் அடைத்ததால் வந்த காமாலைக்கு எந்த இலைச்சாறும் உதவாது; கல்லை அகற்ற வேண்டும். மருந்தால் வந்த காமாலை இவ்விரண்டிலும் சேராத மூன்றாம் வகை. அந்த மருந்தை உடனே நிறுத்தினால் பெரும்பாலோர் பிழைப்பர். அதை உண்டுகொண்டே மேலே கீழாநெல்லியையும் உண்டால் சிலர் இறப்பர். ஆகவே 'காமாலைக்கு நல்லது' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாம் எதையும் முடிவு செய்ய இயலாது. எந்தக் காமாலைக்கு, எந்த நிலையில், எதனோடு ஒப்பிட்டு நல்லது என்று கேட்க வேண்டும்.

இவ்வாறு கேட்கும் வழக்கம் மேனாட்டிலிருந்து வந்த புதுமை என்று நினைக்க வேண்டா. விருத்தாசலத்துக் கதையிலேயே அது இருக்கிறது. திருமுதுகுன்றத்து இறைவனிடம் பன்னீராயிரம் பொன் பெற்ற சுந்தரர், அதனை அங்கே மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. 'ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது' என்ற பழமொழியை இன்று வீண் வேலைக்குச் சொல்கிறோம். ஆயினும் கதையின் நுட்பமான பகுதியை நம்மிற் பலர் மறந்துவிட்டனர். பொன்னை ஆற்றில் இடுமுன் சுந்தரர் அதிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். அதற்கு மச்சம் என்று பெயர். திருவாரூரில் பொன் கிடைத்தபோது அதை மச்சத்தோடு ஒத்துப் பார்த்தார்; மாற்றுக் குறைந்திருந்தது; மீண்டும் பாடி, மாற்று ஒத்த பிறகே ஏற்றுக்கொண்டார். குளக்கரையில் மாற்றுரைத்த பிள்ளையார் இன்றும் கோயில் கொண்டிருக்கிறார். கொடுத்தவன் இறைவன், பெற்றவர் அவனுடைய தோழர். அப்படியிருந்தும் மச்சம் வெட்டி வைத்துக்கொள்ளாமல் அவர் பொன்னை விடவில்லை!

மருத்துவ ஆராய்ச்சியில் ஒப்பீட்டுக் குழு என்பது இந்த மச்சமே. கீழாநெல்லிக்கு மாற்றுரைக்க முற்பட்டவர்களின் கதையைக் கேளுங்கள்.

முதலில் வேதியியலார் வந்தனர். குளித்தலையில் பிறந்த பேரறிஞர் டி. ஆர். சேஷாத்திரி அப்போது வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் இருந்தார். அவரும் கிருஷ்ணமூர்த்தி என்பவரும் 1946-இல் இச்செடியின் கசப்புப் பொருளான ஃபில்லாந்தினைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தனர். அதன் பின் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து, 1985-இல், இலக்னோவைச் சேர்ந்தவரும் ஜப்பானியரும் கூடி, எலியின் ஈரல் உயிரணுக்களைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்து அவற்றில் நஞ்சிட்டு, ஃபில்லாந்தின் அந்த அணுக்களைக் காப்பதைக் காட்டினர். கிண்ணத்து அணு வேறு, மனித உடல் வேறு என்றாலும், பாட்டி சொன்ன சொல்லுக்கு ஓரளவு ஆதாரம் கிடைத்தது.

இதே 1985-இல் தாவரவியலார் ஒரு குழப்பத்தை வெளிப்படுத்தினர். இந்திய நூல்கள் பலவற்றில் ஃபில்லாந்தஸ் நிரூரி என்று ஒரே பெயரால் குறித்து வந்தது உண்மையில் ஒரு செடியன்று. அமாரஸ், ஃபிரட்டர்னஸ், டெபிலிஸ் என்ற மூன்று செடிகள் அப்பெயருக்குள் மறைந்திருந்தன. உண்மையான நிரூரியோ அமெரிக்கக் கண்டத்துச் செடி! அப்படியானால் அதற்கு முன் செய்த சோதனைகளில் எதை அரைத்தார்கள்? ஆராய்ச்சி ஏட்டில் இலத்தீன் பெயர் இருந்தாலே எல்லாம் திட்டமாகிவிட்டது என்று நம்பும் மாணவர்களுக்கு இந்தச் செய்தியை நான் விரும்பிச் சொல்வதுண்டு.

அடுத்து வந்தது சென்னையின் பெரிய சோதனை. ஹெப்பட்டைட்டிஸ் பி என்னும் ஈரல் நச்சுயிரைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க் என்ற அமெரிக்க அறிஞரும், சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். பி. தியாகராஜனும் மற்றும் சிலரும் கூடி அதை நடத்தினர். நச்சுயிரைத் தாங்கி நிற்பவர்களுள் ஒரு பிரிவினருக்குக் கீழாநெல்லிப் பொடியை முப்பது நாள் கொடுத்தனர். மறு பிரிவினருக்கு வெறும் மாற்றுப்பொடி. 1988-இல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியாயிற்று. மூலிகை உண்டு சோதனைக்குத் திரும்பி வந்த 37 பேரில் 22 பேரின் குருதியிலிருந்து நச்சுயிரின் அடையாளம் மறைந்தது. மாற்றுப்பொடி உண்டு திரும்பிய 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. நாடெங்கும் மகிழ்ச்சி! பத்திரிகைகள் கொண்டாடின. கீழாநெல்லி மாத்திரைகள் கடைகளில் பெருகின.

பிறகு மற்ற நாட்டார் அதே சோதனையைச் செய்து பார்த்தனர். தாய்லாந்தில் செய்தனர், நியூசிலாந்தில் செய்தனர். சென்னையில் கண்ட பலன் அங்கே காணவில்லை. செடி வேறு மண்ணில் வளர்ந்ததா, நச்சுயிரின் வகை வேறா, மக்கள் வேறா என்று பல காரணம் கூறினர். ஒப்பீட்டுக் குழுவில் திரும்பி வந்தவர் குறைவாக இருந்ததையும் சிலர் சுட்டினர். மச்சம் சிறியதாக இருந்தால் மாற்றுரைப்பது எளிதன்று அல்லவா? 2011-இல் எல்லாச் சோதனைகளையும் திரட்டி ஆராய்ந்த காக்ரேன் குழுவினர், மாற்றுப்பொடியைவிடக் கீழாநெல்லி இந்நோய்க்கு மேலானது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று எழுதினர். சென்னை ஆராய்ச்சியாளரை இதற்காகக் குறை கூறுவது தவறு. அவர்கள் தம் கட்டுரையை முதற்கட்ட ஆய்வு என்றே குறிப்பிட்டனர். முதற்கட்டம் என்ற சொல்லைப் படிக்காமல் விட்டவர்கள் நாம்.

இது நச்சுயிரால் வரும் நோயின் கதை. மருந்தால் வரும் ஈரல் கேட்டிற்கு மூலிகை உதவுமா என்ற வினா இதிலும் வேறானது. அந்த வினாவை எழுப்பியவர்கள் விருத்தாசலத்திற்கு அருகிலேயே இருந்தனர். கிழக்கே, அதே கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்தை ஒட்டி 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் உயிர்வேதியியல் துறையைச் சேர்ந்த பாரி, குமார் என்னும் இருவர் 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு ஆகிய மூன்று காசநோய் மருந்துகளையும் எலிகளுக்குக் கொடுத்து ஈரலைக் கெடுத்தனர். வேறு சில எலிகளுக்கு இம்மருந்துகளோடு முருங்கையிலைச் சாற்றையும் கொடுத்தனர். ஈரல் அணு உடையும்போது குருதியில் கசியும் நொதிப்பொருள்கள் சில உண்டு. அவற்றின் அளவு உயர்ந்தால் ஈரல் புண்பட்டது என்று பொருள். முருங்கைச் சாறு பெற்ற எலிகளில் அந்த உயர்வு குறைந்தது. ஒத்துப் பார்ப்பதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மச்சம் சிலிமரின். ஐரோப்பிய நெருஞ்சி போன்ற ஒரு முட்செடியின் விதையிலிருந்து 1968-இல் மூனிச் நகரில் பிரித்தறிந்த பொருள் அது. மறு ஆண்டு அதே துறையிலிருந்து, எரித்ரோமைசின் எஸ்டோலேட் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியால் கெடும் எலியின் ஈரலை அகத்திக்கீரைச் சாறு காக்கிறது என்ற ஆய்வும் வந்தது.

முருங்கையும் அகத்தியும்! ஏழை வீட்டுக் கீரைகள். மருந்தும் இலவசமாகக் கிடைத்து, அதன் தீங்கை நீக்கும் இலையும் வேலியோரத்தில் கிடைக்குமானால் சூளைத் தொழிலாளிக்கு வேறு என்ன வேண்டும் என்று உள்ளம் துள்ளுகிறது. துள்ளட்டும், ஆனால் ஆய்வு என்ன செய்தது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

அந்த எலிகளுக்குக் காசம் இல்லை. ஆகவே ஈரல் காக்கப்பட்டது என்பதை அறிகிறோமே தவிர, முருங்கைச் சாற்றின் முன்னிலையில் மருந்து காசக்கிருமியைக் கொல்லும் வேலையைக் குறைவின்றிச் செய்கிறதா என்பதை அறியோம். ஒரு பொருள் ஈரலை இரண்டு வழியாகக் காக்கலாம். நஞ்சின் தாக்குதலைத் தாங்கும் வலிமையை அணுவிற்கு அளிக்கலாம். அல்லது மருந்து உடலில் சேர்வதையே தடுக்கலாம். இரண்டாம் வழியில் ஈரலும் பிழைக்கும், கிருமியும் பிழைக்கும். தாவரப் பொருள் மருந்தின் அளவை மாற்றக் கூடும் என்பது வெறும் அச்சமன்று. மிளகிலுள்ள பைப்பரின் ரிஃபாம்பிசினை உடலில் மிகுதியாகச் சேர்க்கிறது என்று கண்டு, அதனோடு பைப்பரினைச் சேர்த்த மாத்திரையையே நம் நாட்டில் செய்திருக்கின்றனர். கூட்டும் தாவரம் உண்டு என்றால் குறைக்கும் தாவரமும் இருக்கக் கூடும் அல்லவா? மேலும், எலிக்குச் சாற்றை மருந்தோடு சேர்த்தே கொடுக்கின்றனர். மனிதனோ கண் மஞ்சளான பிறகு வருகிறான். வீடு எரியுமுன் கூரையை நனைப்பதும் எரிந்தபின் நீர் ஊற்றுவதும் ஒன்றாகா. சாராயத்தில் வடித்த சாறும் தட்டில் வைத்த கீரைப் பொரியலும்கூட ஒன்றல்ல.

இத்தகைய வினாக்களுக்கெல்லாம் விடை கண்டு வெற்றி பெற்ற கதையும் ஒன்று உண்டு. அது பாராசிட்டமாலின் கதை. தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் நாம் உண்ணும் அந்த மாத்திரை அளவு மீறினால் ஈரலை அழிக்கும் என்பதை 1966-இல் எடின்பரோ மருத்துவர்கள் எழுதினர். 1973-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காரணத்தைக் கண்டனர். பாராசிட்டமாலின் ஒரு பகுதி ஈரலில் நஞ்சாகிறது. ஈரலில் இயல்பாக உள்ள குளுட்டாதயோன் என்னும் பொருள் அந்த நஞ்சைப் பிடித்துக் கட்டிவிடுகிறது. மருந்து மிகுந்தால் குளுட்டாதயோன் தீர்ந்துபோகிறது. அதன் பின்னரே அழிவு. காரணம் தெரிந்தவுடன் வழியும் தெரிந்தது. குளுட்டாதயோனை மீண்டும் உண்டாக்க உதவும் அசிட்டைல்சிஸ்டீன் என்னும் எளிய பொருளை எடின்பரோவில் பிரெஸ்காட் என்ற மருத்துவர் நோயாளிகளுக்குச் செலுத்தினார். மிகையாக உண்ட எட்டு மணி நேரத்திற்குள் கொடுத்தால் ஈரல் ஏறத்தாழ முழுவதும் காக்கப்படுகிறது. நஞ்சின் வழியை அறிந்து, காலத்தைக் குறித்து, மனிதரிடமே சோதித்துக் கண்ட மருந்து இது. காசநோய் மருந்துகளின் தீங்கிற்கு இத்தனை தெளிவான மாற்று மருந்தை இன்னும் யாரும் காட்டவில்லை. சிலிமரினைக் காசநோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்தனர். ஒரு நாட்டில் பயன் உண்டு என்றனர். மற்றொரு நாட்டில் இல்லை என்றனர்.

மூலிகை உதவாவிட்டாலும் கெடுதி செய்யாதே என்று சிலர் ஆறுதல் கொள்வர். கொரோனாக் காலத்தில் நோயெதிர்ப்பு வளரும் என்று சீந்தில் கொடியைக் கஷாயமிட்டுக் குடித்தவர்களுள் ஆறு பேருக்கு ஈரல் கெட்டதை மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினர். அது சீந்திலா, சீந்தில் போன்ற வேறொரு கொடியா என்ற விவாதம் எழுந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் கீழாநெல்லிக்கு வந்த அதே பெயர்க் குழப்பம்! குடித்தவரின் ஈரலுக்கு அந்த விவாதத்தால் பயனில்லை. நான் முன்பு சொன்ன 1,288 பேர் கணக்கில், காசநோய் மருந்துகளுக்கு அடுத்த இடத்தைப் பெற்றவை நாட்டு மருந்துகளும் மூலிகைகளுமே.

விருத்தாசலத்துச் சூளைக்குத் திரும்புவோம். அங்கே தூசியில் பல ஆண்டு உழைத்த ஒருவருக்குக் காசம் கண்டது என்று வைத்துக்கொள்வோம். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். இரண்டாம் மாதத்தில் அவருக்குச் சோறு கசக்கிறது, குமட்டுகிறது, சிறுநீர் தேநீர் நிறமாகிறது. பக்கத்து வீட்டார் கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்து, ஆங்கில மருந்தின் சூடுதான் காரணம், அதை அடியோடு விட்டுவிடு என்கின்றனர். அவர் விட்டுவிடுகிறார். கண் தெளிகிறது. கீழாநெல்லி காப்பாற்றியது என்று ஊர் பேசுகிறது. கண் தெளிந்தது பெரும்பாலும் மருந்தை நிறுத்தியதால் என்பதை யாரும் எண்ணுவதில்லை. நான்கைந்து மாதம் கழித்து இருமல் திரும்புகிறது. இம்முறை கிருமி பழைய மருந்துக்கு அடங்காததாக இருக்கவும் கூடும்; அவருடைய பிள்ளைகளும் அதே அறையில்தான் படுத்துறங்குகின்றனர்.

அவர் குமட்டல் கண்ட அன்றே மருத்துவமனைக்குப் போயிருந்தால் நடந்திருக்கக் கூடியது இது. மருத்துவர் மாத்திரைகளை நிறுத்தச் சொல்லி, குருதியில் ஈரல் நொதியை அளந்து பார்ப்பார். இயல்பைப் போல் ஐந்து மடங்கோ, குமட்டலும் மஞ்சளும் இருக்கும்போது மூன்று மடங்கோ உயர்ந்திருந்தால், ஈரலைத் தாக்காத வேறு மருந்துகளைத் தந்து சில வாரம் காத்திருப்பார். அளவு தணிந்த பிறகு முதலில் ஒரு மருந்தைக் கொடுப்பார்; சில நாள் சென்று குருதியைப் பார்ப்பார்; பிறகு இரண்டாம் மருந்து; மீண்டும் குருதி. எந்த மருந்து வந்தபோது அளவு ஏறுகிறதோ அதை மட்டும் நீக்கிவிட்டு மற்றவற்றால் சிகிச்சையை முடிப்பார். கொல்லையில் முருங்கை இருந்தால் அதன் கீரையைச் சோற்றோடு உண்ண யாரும் தடை சொல்லமாட்டார்கள். அரைத்துக் குடிக்கும் எதுவாயினும் அதன் பெயரை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லும்படி மட்டும் கேட்பார்கள். இயன்றால் ஒரு கொத்தைப் பறித்து வந்து காட்டும்படியும் கேட்பார்கள்.